ஐவி ரேங்க் 80 தாண்டினால் விற்கலாமா? சேமித்த ஒப்ஷன் விலைகளை வாசிக்கும் முறை

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் தம்பி ஒருவர் செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் முடியும்வரை ஒவ்வொரு இரவும் 8 மணி கழிந்ததும் ஓர் அமெரிக்கப் பங்கின் ஒப்ஷன் (குறித்த திகதிக்குள் குறித்த விலைக்குப் பங்கை வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) விலைகளை இலவசத் தளம் ஒன்றில் இருந்து இறக்கி எக்செல் தாளில் சேமித்திருக்கிறார். ஐவி என்பது பங்கு எவ்வளவு ஆடும் என்று ஒப்ஷன் விலை சொல்லும் எண். அது ஓராண்டின் அடிக்கும் உச்சத்துக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று 0 முதல் 100 வரை காட்டுவது ஐவி ரேங்க். அந்த ரேங்க் 80ஐத் தாண்டினால் ஒப்ஷனை விற்பது, 20க்குக் கீழே வந்தால் வாங்குவது என்று ஒரு விதி வைத்திருக்கிறார். சேமித்த விலைகளில் அந்த விதியை ஓட்டிப் பார்த்தால் அநேகமாக எல்லாத் தடவையும் இலாபம் வருகிறதாம். "அண்ணா, இதை நம்பிக் காசு போடலாமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்குப் போட வேண்டாம், தம்பி. ஆனால் சேமிப்பதை நிறுத்தவும் வேண்டாம். மூன்று மாதம் ஓர் இரவும் தவறாமல் உட்கார்ந்து விலை குறிப்பது சின்ன வேலையில்லை. இந்தத் துறையில் பழகத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த இடத்துக்கே வருவதில்லை. அந்தத் தாளிடம் நீங்கள் கேட்கும் கேள்விதான் பிழை. "எப்போது நுழையலாம்" என்று அதைக் கேட்கிறீர்கள். "இந்த விலைக்கு உண்மையிலேயே என்னால் வாங்கியிருக்க முடியுமா, வாங்கியிருந்தால் அதற்குப் பிறகு பங்கு அந்த விலைக்கு ஏற்ற அளவு அசைந்ததா" என்பதற்குத்தான் அதனால் பதில் சொல்ல முடியும்.

கொழும்பில் இருந்து செய்வதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கொழும்புப் பங்குச் சந்தையில் பங்கு ஒப்ஷன் வியாபாரம் இல்லை. நாம் பேசுவது அமெரிக்கச் சந்தையைப் பற்றி. இங்கிருந்து காசு அனுப்பி அங்கே முதலிடுவது 2017ம் ஆண்டின் 12ம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கும் அதன் கீழ் வரும் கட்டளைகளுக்கும் உட்பட்டது. கட்டளைகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. ஆகவே கணக்குத் திறக்க முன்னர் உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் நேரில் போய்க் கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஐவி என்று நாம் சுருக்கிச் சொல்லும் இம்ப்ளைட் வொலட்டிலிட்டியை யாரும் எங்கேயும் அளந்து எடுப்பதில்லை. 1973ல் பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் வெளியிட்ட சூத்திரத்தில் பங்கின் விலை, ஸ்ட்ரைக் (ஒப்ஷனில் குறித்த வாங்கும் அல்லது விற்கும் விலை), ஒப்ஷன் முடிய மீதி நாட்கள், வட்டி, பங்கு எவ்வளவு ஆடும் என்ற எண் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒப்ஷனின் விலை வரும். நாம் அதைத் தலைகீழாகப் போடுகிறோம். சந்தையில் இருக்கும் ஒப்ஷன் விலையைக் கொடுத்து, எந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் இந்த விலை வரும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். அப்படி வரும் எண்தான் ஐவி. ஆகவே ஐவி என்பது விலைக்கே இன்னொரு பெயர். நீங்கள் கொடுத்த விலை பழுதென்றால் ஐவியும் பழுது. சூத்திரம் அதைத் திருத்தித் தராது.

கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நன்றாக உறைக்கும். 50 டொலர் பங்கு, 50 டொலர் ஸ்ட்ரைக், முடிய 30 நாள் இருக்கும் கோல் ஒப்ஷன், அதாவது வாங்கும் உரிமை, என்று வையுங்கள். வட்டியையும் டிவிடெண்டையும் விட்டுவிட்டால் அதன் விலை ஏறக்குறைய 0.4ஐப் பங்கின் விலையாலும் ஐவியாலும், ஆண்டின் பகுதியாக எழுதிய காலத்தின் வர்க்கமூலத்தாலும் பெருக்கி வருவது. 30 நாளை 365ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.287. ஐவி 30 வீதம் என்றால் விலை 1.72 டொலர். அதாவது இந்த ஒப்ஷனில் ஐவியின் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 6 சதம். இந்த 6 சதத்தை நினைவில் வைத்துக்கொண்டு கீழே வாசியுங்கள்.

உங்கள் தாளில் ஐவிக்கு எந்த விலையை எடுத்தீர்கள்? இலவசத் தளங்கள் முதலில் காட்டுவது கடைசியாக வியாபாரம் நடந்த விலை. கொழும்புச் சந்தையில் சின்னக் கொம்பனிப் பங்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கடைசி விலை என்று திரையில் நிற்கும் எண் முந்தாநாள் நடந்த நூறு பங்கு வியாபாரமாக இருக்கும். இன்று வாங்க நினைப்பவரும் விற்க நினைப்பவரும் அந்த எண்ணுக்குக் கிட்டவும் நிற்பதில்லை. ஒப்ஷனில் இது இன்னும் மோசம். ஒரே பங்குக்கு நூற்றுக்கணக்கான ஸ்ட்ரைக்கும் திகதியும் இருப்பதால் வியாபாரம் அத்தனைக்கும் சிதறிப் போகிறது. மேலே சொன்ன ஒப்ஷனில் காலையில் பங்கு 49.50 டொலரில் நின்றபோது 1.48 டொலருக்கு ஒரு வியாபாரம் நடந்தது என்று வையுங்கள். பிறகு பங்கு 50க்கு ஏறிவிட்டது, ஒப்ஷனில் வேறு வியாபாரம் நடக்கவில்லை. உங்கள் தாள் 50 டொலரையும் 1.48 டொலரையும் சேர்த்துக் கணக்கிட்டு ஐவி 26 என்று எழுதும். உண்மையில் அது நாள் முழுதும் 30லேயே நின்றிருக்கிறது. உங்கள் விதி அதை "மலிவு, வாங்கு" என்று வாசிக்கும்.

அதனால் பிட் (வாங்க நிற்பவர் தரும் விலை), ஆஸ்க் (விற்க நிற்பவர் கேட்கும் விலை) இரண்டையும் குறிக்க வேண்டும், அதே நொடியில் பங்கின் விலையையும் குறிக்க வேண்டும். செட்டியார் தெருவில் ஒரு பவுண் நகையை இன்றைக்கு வாங்கி அதே கடையில் நாளைக்கு விற்கப் போனவருக்கு, நகைக்கு ஒரு விலை இல்லை, இரண்டு விலை உண்டென்று தெரியும். ஒப்ஷனும் அப்படித்தான். பிட் 1.60, ஆஸ்க் 1.85 என்றால் நடுவிலை 1.72, ஐவி 30. ஆனால் விற்கப் போகும் உங்களுக்கு அது 28, வாங்கப் போகும் உங்களுக்கு 32. நடுவிலையில் சோதித்துப் பார்த்த விதி, வாங்கும்போது 12 சதத்தையும் விற்கும்போது 12 சதத்தையும் யாரோ இலவசமாகத் தருவார் என்று நம்புகிறது. ஓர் ஒப்பந்தம் 100 பங்கு என்பதால் போய்வர ஏறக்குறைய 25 டொலர். ஓர் ஒப்ஷனை விற்று இன்னொன்றை வாங்கும், இரண்டு கால் உள்ள ஸ்பிரெட் என்றால் அதுவும் இரட்டிப்பு. உங்கள் சோதனையில் ஒரு வியாபாரத்துக்குச் சராசரி இலாபம் எவ்வளவு என்று பார்த்து, அதில் இந்தக் காசைக் கழியுங்கள். பல அழகான விதிகள் இந்த ஒரு கழித்தலோடு முடிந்துவிடும்.

அடுத்தது நேரம். தம்பியின் கேள்வியை வாசித்தபோது 8 மணி என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. அமெரிக்கச் சந்தை நியூயோர்க் நேரம் காலை 9.30க்குத் திறக்கும். அவர்களுடைய கோடைகாலக் கணக்கில் அது எங்களுக்கு இரவு 7 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பிய பின்னர், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை, எங்களுக்கு இரவு 8 மணி. நாங்கள் மணிக்கூட்டைத் தொடுவதில்லை.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் எக்செல் பாவிக்கவில்லை. ஒரு சீஆர் கொப்பியில் கோடு போட்டு, ஒவ்வொரு இரவும் 8.05க்கு ஆஸ்க் விலையை மட்டும் எழுதி வந்தேன். வாங்குவதுதான் என் எண்ணம் என்பதால் பிட் தேவையில்லை என்று நினைத்தேன். நவம்பர் வந்ததும் ஐவி 30ல் இருந்து 38க்குப் பாய்ந்தது. ஒரு நாள் இல்லை, நாலு நாள் தொடர்ந்து அதே அளவு. எதையோ நினைத்துச் சந்தை பயப்படுகிறது என்று முடிவெடுத்து, பயம் விலகும் என்ற எதிர்பார்ப்பில் கொஞ்சம் விற்றேன். ஐந்தாம் நாள் வேலை முடிந்து வர 9 மணி தாண்டிவிட்டது. அன்று குறித்த விலையில் ஐவி மறுபடியும் 30. அப்போதுதான் கொப்பியைப் புரட்டி, இடப்பக்கம் ஒக்டோபர், வலப்பக்கம் நவம்பர் என்று பார்த்துவிட்டு, தரகரின் வரலாற்று விலைகளில் இருந்து பிட் விலைகளை எடுத்துப் பென்சிலால் பக்கத்தில் எழுதினேன். ஒக்டோபரில் பிட் 1.65, ஆஸ்க் 1.75. நவம்பரில் பிட் 1.30, ஆஸ்க் 2.20. இரண்டிலும் நடுவிலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பங்கில் ஒரு மாற்றமும் இல்லை. ஒக்டோபரில் என் 8.05 என்பது சந்தை திறந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆன நேரம். நவம்பரில் திறந்து ஐந்தாவது நிமிடம். திறந்த உடனே ஒப்ஷன் விலை சொல்பவர்கள் பங்கு எங்கே நிலைக்கிறது என்று தெரியாமல் இடைவெளியை அகலமாகத்தான் வைப்பார்கள். நான் அந்த அகலத்தைப் பயமென்று வாசித்திருக்கிறேன். போட்ட காசு சிறிது என்பதால் நட்டமும் சிறிதாகப் போனது. அன்றில் இருந்து என் கொப்பியில் இரண்டு நேர நிரல்கள் உண்டு: கொழும்பு நேரம், நியூயோர்க் நேரம்.

உங்களுடையதில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கலாம். இலவச விலைகள் பெரும்பாலும் 15 நிமிடம் பிந்தியவை. நவம்பரில் நீங்களும் 8.05க்கு இறக்கியிருந்தால், அது நியூயோர்க் 9.20 மணிக்குரிய படம். அப்போது ஒப்ஷன் சந்தை திறக்கவே இல்லை. ஒப்ஷன் நிரலில் இருப்பது முதல் நாள் மூடிய விலை. பங்கு நிரலில் மட்டும் திறப்புக்கு முந்திய வியாபாரத்தின் புதிய விலை வந்திருக்கவும் கூடும். பழைய ஒப்ஷன் விலையையும் புதிய பங்கு விலையையும் ஒட்டவைத்து எடுத்த ஐவிக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

இது எங்கள் மாதிரிச் சிறியவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2024 ஓகஸ்ட் 5ம் திகதி திங்கட்கிழமை, அமெரிக்கச் சந்தை திறக்க முன்னரே விக்ஸ் குறியீடு (அமெரிக்கச் சந்தை முழுமைக்கும் ஐவி போன்ற எண்) 65.73 வரை போனது. முந்திய வெள்ளி அது 23.39ல் மூடியிருந்தது. உலகம் முழுதும் செய்தியானது. அதே நாள் மூடும்போது 38.57. ஜப்பானியச் சந்தை சரிந்த பதற்றம் உண்மைதான். ஆனால் விக்ஸ் கணக்கிடப்படுவது நடந்த வியாபாரங்களில் இருந்து இல்லை, எஸ்அண்ட்பி 500 என்ற பெரிய அமெரிக்கக் கொம்பனிகளின் குறியீட்டு ஒப்ஷன்களின் பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவே உள்ள விலைகளில் இருந்து. ஆள் குறைந்த நேரத்தில் ஆஸ்க் மேலே ஓடிவிட, பிட் அந்த அளவுக்குக் கீழே இறங்க இடமில்லாமல் நிற்க, நடுவிலை தானாக உயர்ந்துவிட்டது. அந்த 65ல் யாராவது பெரிய அளவில் விற்றிருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. சேமித்த தாளில் மட்டும் அது ஒரு தங்கச் சுரங்கம் போலத் தெரியும்.

தாளைப் பற்றி இன்னும் இரண்டு சொல்லிவிட்டு ரேங்குக்குப் போகிறேன். நீங்கள் ஒரே ஒப்பந்தத்தைத் தொடர்ந்து குறித்தீர்களா, அல்லது ஒவ்வொரு நாளும் அன்றைய பங்கு விலைக்குக் கிட்ட உள்ள ஸ்ட்ரைக்கை எடுத்தீர்களா? பங்கு 100ல் நிற்கும்போது 95 ஸ்ட்ரைக் புட் ஒப்ஷனை, அதாவது விற்கும் உரிமையை, குறிக்கத் தொடங்கி, பங்கு 110க்குப் போன பிறகும் அதே 95ஐக் குறித்தால், ஐவி ஏறும். 1987 வீழ்ச்சிக்குப் பிறகு, தூரத்தில் உள்ள புட்களுக்குச் சந்தை கூட்டித்தான் விலை சொல்கிறது. நீங்கள் நடந்து தூரம் போனதைச் சந்தை பயந்ததாக எழுதிக்கொள்வீர்கள். மீதி நாட்களும் அப்படியே. முடிய 45 நாள் இருக்கும்போது எடுத்த ஐவியையும் 6 நாள் இருக்கும்போது எடுத்ததையும் ஒரே நிரலில் போட்டு ஒப்பிட முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள இரண்டு திகதிகளை எடுத்து, ஐவியின் வர்க்கத்தை நாட்களால் பெருக்கி, 30 நாளுக்கு இடைக்கணித்து ஒரே எண்ணாக்குங்கள். க.பொ.த. உயர்தரக் கணிதம் படித்தவருக்கு அரை மணித்தியால வேலை. மற்றது பங்குப் பிரிப்பு. 2024 ஜூனில் என்விடியா ஒன்றைப் பத்தாகப் பிரித்தது. அதற்கு முன் சேமித்த 1200 ஸ்ட்ரைக் பிறகு 120. திருத்தாமல் விட்டால் தாள் முழுதும் குப்பை.

இனி ரேங்க். அதன் கணக்கு எளிது. ஓராண்டின் மிகக் குறைந்த ஐவி எது, மிகக் கூடியது எது, இன்றைய ஐவி அந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை வீதத்தில் நிற்கிறது என்பதுதான். இதில் எல்லாமே இரண்டு ஓரப் புள்ளிகளில் தொங்குகிறது. அது என்ன செய்யும் என்பதற்குப் பதிவில் உள்ள இரண்டு நாட்களைக் காட்டுகிறேன்.

2018 பெப்ரவரி 2, வெள்ளி. விக்ஸ் 17.31ல் மூடியது. அதற்கு முந்திய ஓராண்டில் அது 9.14 வரை இறங்கி, மூடிய விலையில் 16ஐ ஒட்டியே உச்சம் கண்டிருந்தது. ஆக ரேங்க் 100. உங்கள் விதி விற்கச் சொல்கிறது. அடுத்த வியாபார நாள் திங்கட்கிழமை விக்ஸ் 37.32ல் மூடியது. வொலட்டிலிட்டி இறங்கும் என்ற பக்கம் கட்டிய எக்ஸ்ஐவி என்ற பத்திரம் அந்த ஓர் இரவில் 90 வீதத்துக்கு மேல் இழந்து, அதே மாதம் மூடப்பட்டது. 17 என்பது நீண்டகாலச் சராசரியைவிடக் குறைவு. ஓர் அமைதியான ஆண்டோடு மட்டும் ஒப்பிட்டதால் அது உச்சமாகத் தெரிந்தது.

2020 ஒக்டோபர் 28. விக்ஸ் 40.28. சாதாரண காலத்தைப் போல இரு மடங்கு. ஆனால் அந்த ஓராண்டு ஜன்னலுக்குள் மார்ச் 16ம் திகதியின் 82.69 இருந்தது. கீழே 11.5 அளவில் 2019 நவம்பர் இருந்தது. ரேங்க் 40தான். விதி ஒன்றும் சொல்லாமல் இருந்தது. இரண்டு கிழமைக்குள் விக்ஸ் 25க்குக் கிட்ட வந்துவிட்டது. விற்றவருக்கு அருமையான நாள், ரேங்குக்கு அது தெரியவே இல்லை.

ஓரப் புள்ளிகளுக்குப் பதிலாக, இன்றையதைவிடக் குறைந்த ஐவி எத்தனை நாளில் இருந்தது என்று எண்ணும் சதமானம் கொஞ்சம் மேல். அதுவும் கடந்த காலத்தோடு மட்டும் ஒப்பிடுகிறது என்ற குறை போகாது. போதாததற்கு, உங்களிடம் இருப்பது மூன்று மாதம்.

அந்த மூன்று மாதத்துக்குள் என்ன நடந்தது என்று யோசியுங்கள். அமெரிக்கக் கொம்பனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு முடிவுகளை வெளியிடுகின்றன. தைப்பொங்கலுக்கு முதல் நாள் வெள்ளவத்தைச் சந்தையில் கரும்பு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அந்த விலையைப் பார்த்து, "இது ஆண்டின் உச்சம், நாளை மறுநாள் விழும், நான் கெட்டிக்காரன்" என்று யாரும் சொல்வதில்லை. விழும் என்பது வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். அந்த விலையே பொங்கலுக்கான விலை. காலாண்டுக் கணக்கு முடிவு வெளிவர முன் ஐவி ஏறுவதும் அதே சங்கதி.

எண்ணில் பார்ப்போம். சாதாரண நாட்களில் ஆண்டுக்கு 30 வீதம் ஆடும் பங்கு ஒன்று. ஆண்டுக்கு 252 வியாபார நாள். 30ஐ 252இன் வர்க்கமூலமான 15.87ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.9 வீதம். ஆனால் முடிவு வெளிவரும் நாளில் மட்டும் நியம விலகல், அதாவது வழமையாக எதிர்பார்க்கும் அசைவின் அளவு, 9.1 வீதம் என்று சந்தை நினைக்கிறது. நாட்களைக் கூட்டும்போது வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். முடிவு நாளை உள்ளடக்கிய 5 வியாபார நாள் ஒப்ஷனில் 4 சாதாரண நாளும் ஒரு பெரிய நாளும் சேர்ந்து ஐவி 70 என்று வரும். 21 வியாபார நாள் ஒப்ஷனில் 20 சாதாரண நாளும் அந்தப் பெரிய நாளும் சேர்ந்து 43. அந்த நாள் ஜன்னலுக்குள் வராதபோது 30. ஆக நீங்கள் 30 நாள் ஐவியைக் குறித்துவந்தால், முடிவுத் திகதி உள்ளே விழுந்த அன்று அது 30ல் இருந்து 43க்குத் தாவும், ஒரு மாதம் அங்கேயே நிற்கும், முடிவு வெளிவந்த மறுநாள் மீண்டும் 30. சந்தையின் எண்ணத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே இது ஆண்டுக்கு நாலு தடவை நடக்கும். உங்கள் விதி 80க்கு மேல் கண்டதெல்லாம் அநேகமாக இந்த ஒரு ஜன்னல்தான். பல தடவை விற்று இலாபம் வந்ததாகத் தாள் காட்டுவது, ஒரே ஒரு முடிவு நாளைப் பல தடவை எண்ணியது. அந்தக் காலாண்டில் பங்கு பெரிதாக அசையவில்லை. உங்களிடம் இருக்கும் சான்று அவ்வளவே, ஒரு தடவை.

வாங்குபவர் பக்கத்தில் இதே கணக்கு எப்படி அடிக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறேன், எங்கள் பிள்ளைகள் பலர் முதலில் காசு விடுவது இங்கேதான். அதே பங்கு 100 டொலர், 100 ஸ்ட்ரைக் கோல், 5 நாள், ஐவி 70. விலை ஏறக்குறைய 3.94 டொலர். முடிவு நல்லதாக வந்து மறுநாள் பங்கு 103. நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் 4 நாள் மீதி, ஐவி 30. ஒப்ஷன் இப்போது சுமார் 3.50. பங்கு 3 வீதம் ஏறியும் காசு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அவர் 9 வீத அசைவுக்கு விலை கொடுத்தார், கிடைத்தது 3.

ஆகவே நேரம் பார்ப்பதென்றால், முடிவு நாளைக் கழித்த ஐவியை ஒரு நிரலிலும், முடிவு நாளுக்குச் சந்தை சொல்லும் அசைவை இன்னொரு நிரலிலும் வைக்க வேண்டும். முடிவுக்கு முன் முடியும் ஒப்ஷனையும் பின் முடியும் ஒப்ஷனையும் வைத்து, மேலே போட்ட கணக்கைத் தலைகீழாகப் போட்டால் இரண்டும் வரும்.

முதல் நிரலைப் பங்கு உண்மையில் ஆடியதோடு ஒப்பிடுங்கள். அன்றாட மாற்ற வீதங்கள் 21ஐ எடுத்து நியம விலகல் கண்டு 15.87ஆல் பெருக்கினால் அது ஐவியின் அலகிலேயே வரும். கவனிக்க வேண்டியது, ஒப்பிட வேண்டியது குறித்த நாளுக்குப் பிந்திய 21 நாளோடு, முந்திய 21 நாளோடு இல்லை. செப்டெம்பர் 10ல் குறித்த ஐவிக்கு விடை ஒக்டோபர் 10 அளவில்தான் தெரியும். அதனால்தான் சேமித்து வைப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. விலை அன்று எழுதப்படுகிறது, விடை ஒரு மாதம் கழித்துப் பக்கத்தில் எழுதப்படுகிறது. பங்கு பெரிதாக ஆடிய பின் ஐவி உயர்ந்திருந்தால் அதை உடனே விலை கூடியது என்று சொல்லாதீர்கள். பெரிய ஆட்டம் பெரிய ஆட்டத்தைக் கூட்டி வருகிறது என்பதை 1982ல் ரொபர்ட் எங்கிள் கணித வடிவில் எழுதினார், 2003ல் அதற்காகவே நோபல் பரிசும் பெற்றார். குறியீட்டு ஒப்ஷன்களில் நீண்டகாலச் சராசரியில் ஐவி பிந்திய ஆட்டத்தைவிடச் சற்று உயர்ந்தே இருந்திருக்கிறது. தனிப் பங்குகளில் அந்த நிச்சயம் குறைவு.

முடிவு நாளுக்கு ஒரு தனிப் பக்கம் வையுங்கள். என் கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கும்: திகதி, முதல் நாள் இரவு 11 மணிக்கு ஸ்ட்ராடிலின் (ஒரே ஸ்ட்ரைக்கில் கோலும் புட்டும் சேர்ந்தது) பிட்டும் ஆஸ்க்கும், அது சொல்லும் அசைவு வீதம், மறுநாள் பங்கு உண்மையில் அசைந்த வீதம், மறுநாள் இரவு 11 மணிக்கு அதே ஸ்ட்ராடிலின் பிட்டும் ஆஸ்க்கும். ஆண்டுக்கு நாலு வரி. மூன்று வருடத்தில் பன்னிரண்டு. குறைவுதான். ஆனால் ஒரே துறையில் ஐந்தாறு பங்குகளுக்கு வைத்தால் சில வருடத்தில் கை நிறையச் சேரும், அவற்றில் ஒவ்வொன்றும் நீங்கள் கண்ணால் கண்ட விலை.

நான் இப்போது எப்படி முடிவெடுக்கிறேன் என்று கேட்டால், முடிவு நாள் கழித்த ஐவியை, ஆஸ்க் விலையில் எடுத்து, அது அந்தப் பங்கு பல மாதங்களாக உண்மையில் ஆடிய அளவுக்குக் கீழே இருந்தால்தான் வாங்க யோசிப்பேன். விற்பதென்றால் பிட் விலையில் எடுத்த ஐவி, ஆடிய அளவைவிட இடைவெளிச் செலவையும் தாண்டி மேலே இருக்க வேண்டும். அப்படியும் மூடிய ஸ்பிரெட்டாக மட்டும், அதாவது எவ்வளவு போகலாம் என்று முன்கூட்டியே தெரிந்த வடிவத்தில் மட்டும் விற்பேன். 2018 பெப்ரவரி 5ஐத் திரையில் பார்த்தவன் என்ற முறையில் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. திறந்து முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் கை வைப்பதில்லை. விலை குறித்த லிமிட் ஓடரை நடுவிலைக்குக் கிட்ட வைத்துவிட்டுக் காத்திருப்பேன். கிடைக்காவிட்டால் ஒரு சதம் இரண்டு சதம் நகர்த்துவேன், மூன்றாம் தடவை விட்டுவிடுவேன். அப்படிக் கிடைத்த விலையையும் கிடைக்காமல் போன விலையையும் கொப்பியில் எழுதுவேன். நடுவிலையில் இருந்து எத்தனை சதம் தள்ளி உங்களுக்கு உண்மையில் வியாபாரம் கிடைக்கிறது என்ற அந்த ஓர் எண் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும், அதைப் பழைய தாளில் போட்டால் உங்கள் சோதனை முதல் தடவையாக நிசத்துக்குக் கிட்ட வரும்.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள், தம்பி. சேமிக்கும் நேரத்தை நியூயோர்க் நேரம் 11 மணிக்கு மாற்றுங்கள். பனிக்காலத்தில் அது எங்களுக்கு இரவு 9.30, மார்ச்சுக்குப் பிறகு 8.30. 15 நிமிடப் பிந்தல் இருந்தால் அதற்கும் சேர்த்துத் தள்ளுங்கள். பழைய தாளில் நவம்பர் முதல் ஞாயிறுக்கு முந்திய ஐந்து வரிசையையும் பிந்திய ஐந்து வரிசையையும் பிட், ஆஸ்க், பங்கு விலையோடு தனியாக எடுத்து, கொம்பனியின் முடிவுத் திகதியைச் சிவப்பில் குறித்து எனக்கு அனுப்புங்கள். அந்தப் பத்து வரியையும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.